பின்சீற்றில் தில்லையம்பலத்தார்

1

போன சித்திரையில் என் மகள் துளசி மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாக அறிவித்தாள். கேட்கவில்லை, அறிவித்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. இங்கே கனடாவில் ஒரு வயதுக்குப் பிறகு பிள்ளைகள் பெற்றோருக்கு அறிவித்தல் மட்டும்தான் தருவார்கள். வானொலி அறிவித்தலைக் கேட்பதுபோலக் கேட்டு, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, நாங்கள் போய் நிற்க வேண்டும்.

கடைக்குப் போய் நின்றேன்.

தாடி வைத்த விற்பனையாளன் ஒருவன் எங்களை இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தினான். இடப்பக்கம் நிற்பது ஸ்போர்ட் என்றான். வலப்பக்கம் ஸ்போர்ட் ரூறிங். எனக்கு இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போலத்தான் தெரிந்தன. அவன் பொறுமையாக விளக்கினான். ஸ்போர்ட் வண்டியில் ஹாண்டில் தாழ்ந்திருக்கும். கால் வைக்கிற இடம் உயர்ந்து பின்னுக்குப் போயிருக்கும். ஓடுகிறவர் பெற்றோல் தாங்கியின் மேல் கவிழ்ந்து கிடக்க வேண்டும். பாரம் முழுக்க மணிக்கட்டில் விழும். ஸ்போர்ட் ரூறிங்கும் வேகமாகத்தான் போகும். ஆனால் அதில் ஹாண்டில் உயரம், முதுகு நிமிர்ந்திருக்கும், காற்றைத் தடுக்கக் கண்ணாடி, பெரிய தாங்கி, இரு பக்கமும் பெட்டி, அகலமான சீற். நாள் முழுக்க ஓடிவிட்டு இறங்கினாலும் நடக்கலாம் என்றான். அதை அவன் ஒரு விசேஷ வசதியாகவே சொன்னான்.

பிலியன் சீற் எப்படி என்று கேட்டேன். அவனுக்குப் பில்லியன் என்று கேட்டது. எத்தனை பில்லியன் என்று குழம்பிப்போய் விலைச்சீட்டைப் பார்த்தான். துளசி ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தாள். பின்னால் இருப்பவரை இங்கே பசெஞ்சர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். அந்தச் சொல் எனக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.

அவன் ஸ்போர்ட் வண்டியின் பின்சீற்றைக் காட்டினான். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியின் அளவு. ஓடுகிறவரின் இடுப்புக்கு மேலே, கூரை முகட்டில் இருப்பதுபோல உயரத்தில் இருந்தது.

"சடாரென்று பிறேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் முன்னுக்கு வழுக்கி வந்து மோதுவார்" என்றான்.

"தெரியும்" என்றேன்.

துளசி திரும்பிப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க பைக் ஓடினதா?"

துளசியின் தமிழில் வினைச்சொற்கள் எல்லாம் அஃறிணையில்தான் முடியும். நாய், பேருந்து, தகப்பன் மூன்றுக்கும் ஒரே விகுதி.

"ஓடினதுதான்" என்றேன்.

2

காப்புறுதிக்காரரோடு தொலைபேசியில் பேசும்போது துளசி என்னையும் இரண்டாவது ஓட்டுநராகச் சேர்க்க முடியுமா என்று கேட்டாள். அனுபவசாலி ஒருவர் சேர்ந்தால் நல்லது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் அந்தப் பெண் என்னை விசாரிக்கத் தொடங்கினாள்.

எத்தனை வருட அனுபவம்? ஒன்பது. எந்த நாட்டில்? இலங்கையில். எந்த ஊர்? கரவெட்டி. அதை எழுத்துக்கூட்டச் சொன்னாள். கூட்டினேன். அனுமதிப்பத்திரம் தந்த அலுவலகத்திலிருந்து கடிதம் எடுக்கலாமா? யாழ்ப்பாணத்தில் அந்த அலுவலகம் எத்தனை தரம் இடம் மாறியது என்பது எனக்கே தெரியாது. எடுக்க முடியாது என்றேன். வண்டி ஸ்போர்ட்டா, ஸ்போர்ட் ரூறிங்கா? அது மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி என்றேன். பிறகு "மற்றவை" என்ற கட்டத்தில் அடையாளம் போடுவதாகச் சொன்னாள்.

"விபத்து ஏதாவது?"

"நான் ஓடிய வண்டியில் இல்லை."

இல்லை என்று பதிந்துகொண்டாள். அது எழுத்துக்கு எழுத்து உண்மை. முப்பது வருடத்துக்கு மேலாக நான் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

3

எங்கள் ஒழுங்கையில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. இருநூறு சி.சி., நிமிர்ந்த ஹாண்டில், இரண்டு பேர் தாராளமாக இருக்கக்கூடிய சீற், பின்னால் அரிசி மூட்டை கட்டும் கரியர். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிற ஒருவனுக்கு ஏற்ற வண்டி. பார்த்தால் யாருக்கும் பொறாமை வராது.

மற்றது அடுத்த வளவு யோகனுடையது. அவனும் நானும் ஒன்றாகப் படித்து ஒன்றாகவே பரீட்சையில் தவறியவர்கள். எண்பத்தொன்பதில் அவனுடைய மாமா கொழும்பிலிருந்து ஒரு இருநூற்றைம்பது சி.சி. வண்டியை லொறியில் ஏற்றி அனுப்பினார். சிவப்பு. ஜப்பானில் ஒருவர் ஓடிக் களைத்துக் கைவிட்டது. யோகன் அதில் ஏறினால் முழங்கால் காதுக்குக் கிட்ட வரும். ஒழுங்கையில் அது இருமிக்கொண்டு போகும். பருத்தித்துறை வீதியில் ஏறினால் மட்டும் அதற்கு மூச்சு வரும். ஊரில் மோட்டார் சைக்கிளும் சைக்கிள்தான்; இதற்குச் சனம் வைத்த பெயர் படுக்கைச் சைக்கிள்.

தொண்ணூறில் போரோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் போத்தலில் விற்கிற பொருளாகி, பிறகு கண்ணில் படாத பொருளாகியது. என் வண்டி மண்ணெண்ணெய்க்குப் பழகிக்கொண்டது. மருந்து ஏற்றும் ஊசியால் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் அடித்து இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகைத்துக்கொண்டு ஓடும். நினைத்த இடத்தில் நிற்கும். யோகனின் வண்டிக்கு மண்ணெண்ணெய் பிடிக்கவில்லை. எஞ்சினின் அழுத்தம் அதிகம். மண்ணெண்ணெயைக் கொடுத்தால் உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் வரும். அதனால் சாக்கால் மூடி மாட்டுக் கொட்டிலில் நிறுத்திவிட்டு, இரண்டு போத்தல் பெற்றோலை அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வைத்திருந்தான்.

"என்னத்துக்கடா வைச்சிருக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தேவை எண்டு ஒண்டு வரும்தானே" என்றான்.

வந்தது. என் அக்கா வசந்தியின் கலியாணம்.

4

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் பேசிய இரண்டு சம்பந்தங்களும் குழம்பிப் போயின. இது மூன்றாவது. மாப்பிள்ளை வட்டுக்கோட்டைப் பக்கம், ஆசிரியர், நல்ல மனிதர். கனடாவுக்குப் போக எல்லாம் சரிவந்து, ஊரை விட்டு வெளியேற இயக்கம் தரும் பாஸும் கிடைத்து, பத்து நாளில் புறப்பட இருந்தார். அந்த ஆவணி முகூர்த்தத்தை விட்டால் அவருக்கு வேறு நாள் இல்லை. எங்களுக்கு அவரை விட்டால் வேறு மாப்பிள்ளை இல்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் சீதனத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். அளவெட்டி ஊரின் நாதஸ்வர மேளம் வேண்டும். அதுவும் தில்லையம்பலம் வாசிக்க வேண்டும். மேளம் இல்லாமல் தன் மகன் தாலி கட்ட மாட்டான் என்று தெளிவாகச் சொன்னார்.

தில்லையம்பலத்தாருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள். அவருடைய நாதஸ்வரத்தைக் கேட்கச் சனம் சைக்கிள் மிதித்துப் பத்துக் கட்டை தூரம் வரும். ஆனால் அளவெட்டியிலிருந்து கரவெட்டிக்கு அவரைக் கொண்டுவர ஒரு வாகனமும் இல்லை. வான் வண்டிகள் எல்லாம் எண்ணெய் இல்லாமல் செங்கல்லின் மேல் நின்றன. இரண்டு நாள் முன்னதாக வந்து தங்குங்கள் என்று கேட்டோம். முதல்நாள் கோயில் ஒன்றில் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார். கோயிலை விட மாட்டேன் என்றார்.

அதனால் கலியாணத்தன்று விடிய யோகனும் நானும் இரண்டு வண்டிகளில் அளவெட்டிக்குப் போனோம். முகூர்த்தம் ஒன்பது இருபதுக்கும் பத்து நாற்பதுக்கும் இடையில். வழியில் என் வண்டி இரண்டு தரம் நின்றது. அங்கே போய்ச் சேர எட்டரை தாண்டிவிட்டது.

தில்லையம்பலத்தார் சால்வையும் சந்தனமுமாக வாசலில் நின்றார். கூட வாசிக்கும் தவில்காரர் சின்னராசா தவிலை உறையில் போட்டுக் கட்டி வைத்திருந்தார். தில்லையம்பலத்தார் சிவப்பு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இதிலை நான் எங்கை இருக்கிறது?"

"உதுதான் அண்ணை சீற்" என்று யோகன் காட்டினான்.

"உதோ?" என்றார் அவர்.

யோகன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். "நேசன், இவரை உன்ரை சைக்கிளிலை ஏத்து. நான் தவில்காரரைக் கொண்டுவாறன். என்ரை சீற்றிலை மனுசர் இருக்கேலாது. பிறேக் பிடிச்சா ஆள் என்ரை முதுகிலைதான்."

"தவிலை எங்கை வைப்பாய்?"

"அதை நீ கரியரிலை கட்டிக்கொண்டு வா."

"என்ரை சைக்கிள் வல்லை வெளியிலை நிண்டால் என்ன செய்யிறது? தவில் பிந்தினாலும் பரவாயில்லை. இவர் பிந்தினால் அக்காவுக்குக் கலியாணம் இல்லை. நீ இவரை ஏத்திக்கொண்டு முன்னாலை போ."

"மெதுவாத்தான் போவன்."

"மெதுவாப் போறதெண்டால் மாட்டுவண்டி பிடிச்சிருப்பன். இழுத்துக்கொண்டு போ. வல்லையிலை நிக்காதை."

அவன் சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கித்தான் மறுத்தேன். இரண்டு வண்டிகளையும் ஓடிப் பார்த்தவன் நான். எது ஆள் ஏற்றுகிற வண்டி, எது ஆள் ஏற்றாத வண்டி என்று எனக்குத் தாடிக்காரன் சொல்லித்தரத் தேவையில்லை.

தில்லையம்பலத்தார் நாதஸ்வரத்தை உறையோடு முதுகில் கட்டி, ஊதுகிற சீவாளியின் சிமிழை மடியில் செருகிக்கொண்டு ஏறினார். யோகனின் தலைக்கு மேல் அவருடைய தாடை தெரிந்தது.

"மெல்லமாப் போங்கோ தம்பி. எனக்கு இந்த வாய்தான் சோறு."

"ஓம் அண்ணை" என்றான் யோகன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்பட்டான்.

5

வல்லை வெளி மறைப்பேதும் இல்லாத வெறும் தரவை நிலம். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் வீதி. அன்றைக்குத் தூரத்தில் இராணுவ ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டிருக்கிறது; வெளியில் ஆளைக் கண்டால் மேலிருந்து சுடும். யோகன் நிற்கவில்லை, நிற்காதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். இழுத்துக்கொண்டு போனவனுக்கு முன்னால், பழைய ஷெல் விழுந்த கிடங்கு ஒன்று மழைத்தண்ணீர் நிறைந்து வீதியோடு வீதியாகக் கிடந்தது. கடைசி நேரத்தில்தான் கண்டான். பிறேக் பிடித்தான். சிவப்பு வண்டியின் முன்பிறேக் நல்ல பிறேக். வண்டி விழவில்லை. தில்லையம்பலத்தார் அந்தக் கொப்பிச் சீற்றிலிருந்து முன்னுக்கு வழுக்கிவந்து, அவருடைய வாய் யோகனின் பிடரியில் மோதியது.

முன்பல் இரண்டு போயின. மேலுதடு பிளந்தது. யோகனின் பிடரியில் பல் பதிந்த காயம். நாதஸ்வரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் தவில்காரரோடு புகைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது மணி பத்து. வழியில் என் வண்டி ஒரு தரமும் நிற்கவில்லை. பந்தலுக்குள் போகாமல் நேரே கிணற்றடிக்குப் போனேன். தில்லையம்பலத்தார் துவாயை வாயில் அமத்திப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லில் இருந்தார். யோகன் பக்கத்தில் நின்று தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தான். அவன் சேட்டின் முதுகெல்லாம் இரத்தம்; யாருடையது எவ்வளவு என்று சொல்ல முடியாது.

மாப்பிள்ளையின் தகப்பனார் பின்னாலேயே வந்தார். அவர் தில்லையம்பலத்தாரை மேளம் என்றுதான் சொல்வார். மேளம் வெளிக்கிட்டுதோ, மேளம் சாப்பிட்டுதோ என்பார்.

"மேளத்துக்கு என்ன நடந்தது?"

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த மனிதர் சம்பந்தத்தை முறித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அது ஒரு காரணம். மற்றக் காரணம் எனக்கு இன்றைக்கும் நன்றாகத் தெரியும். நான் தப்ப வேண்டியிருந்தது.

"யோகன் கண்மண் தெரியாமல் ஓடினவன்" என்றேன். "மெதுவாப் போ எண்டு சொல்லித்தான் விட்டனான்."

யோகன் என்னைப் பார்த்தான். பிறகு வாளியைக் கிணற்றுக்குள் விட்டான். மாப்பிள்ளையின் தகப்பனார் அவனை ஏசத் தொடங்கினார். அவன் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

தில்லையம்பலத்தார் துவாயை எடுத்தார். வாய் பார்க்கக்கூடிய நிலையில் இல்லை. "தாலி கட்டேக்கை மட்டும் ஊதுறன்" என்றார். சொற்கள் பாதிதான் வந்தன. "மிச்சத்தைத் தவில் பாக்கும்."

பத்து இருபத்தைந்துக்கு மாப்பிள்ளை தாலியை எடுத்தார். சின்னராசா கெட்டிமேளம் கொட்டினார். தில்லையம்பலத்தார் சீவாளியை வாயில் வைத்து வாசித்தார். இரண்டு நிமிடம் இருக்கும். சுரம் ஒன்றும் பிசகவில்லை என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான் அட்சதை போடவில்லை. அவருடைய தாடையிலிருந்து இரத்தம் சொட்டி வேட்டியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு கையில் அரிசியோடு நின்றேன். அக்கா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள்.

6

ஆஸ்பத்திரியில் வலி தெரியாமலிருக்கப் போடும் விறைப்பூசி இல்லாமல் ஆறு தையல் போட்டார்கள். தடைப்பட்டியலில் விறைப்பூசியும் இருந்தது. பத்து மாதம் தில்லையம்பலத்தார் நாதஸ்வரத்தைத் தொடவில்லை. அந்த வருடத் திருவிழாக்கள் எல்லாம் வேறு ஆட்களுக்குப் போயின.

யோகன் கிழமைக்கு ஒருநாள் கத்தரிக்காய், வெங்காயம், அரிசி என்று கட்டிக்கொண்டு மிதிசைக்கிளில் அளவெட்டிக்குப் போய்வந்தான். நான் இரண்டு தரம் போனேன். இரண்டாம் தரம் தில்லையம்பலத்தார் தேத்தண்ணி தந்து, "யோகன் தம்பி நல்ல பிள்ளை" என்றார். நானும் ஓம் என்றேன். அதற்குப் பிறகு போக மனம் வரவில்லை.

அந்த மாதங்களில் யோகன் சிவப்பு வண்டியை நெல்லியடியில் ஒரு இரும்பு ஒட்டுவேலைக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனான். தண்ணீர்க் குழாயை வளைத்து ஹாண்டிலை உயர்த்தினான். கால் வைக்கிற இடத்தை முன்னுக்குக் கொண்டுவந்து தாழ்த்தினான். கொப்பிச் சீற்றை வெட்டி எறிந்துவிட்டு உடைந்த லொறி ஒன்றின் மெத்தையை நீளமாகப் போட்டு, பின்னால் இருப்பவர் பிடிக்கக் கம்பியும் வைத்தான். இரண்டு பக்கமும் எண்ணெய்த் தகரத்தில் பெட்டி. எஞ்சினின் தலைக்கு அடியில் மேலதிகமாக இரண்டு கஸ்கெற் வைத்து அழுத்தத்தைக் குறைத்தான். வண்டி மண்ணெண்ணெய் குடிக்கத் தொடங்கியது. வேகம் பாதியாகப் போனது.

"வடிவான சைக்கிளைக் கெடுத்துப் போட்டியே" என்றேன்.

"இப்ப ஆள் இருக்கலாம்" என்றான்.

தில்லையம்பலத்தார் திரும்ப வாசிக்கத் தொடங்கியபோது மேல் சுரங்கள் முன்போல வரவில்லை. பெரிய கோயில்கள் கூப்பிடவில்லை. சின்னக் கோயில்களும் கலியாணவீடுகளும் கூப்பிட்டன. ஒவ்வொன்றுக்கும் யோகன்தான் ஏற்றி இறக்கினான்.

தொண்ணூற்றுமூன்றில் நான் கிளாலிக் கடலால் வள்ளம் ஏறி, கொழும்பு போய், அத்தானும் அக்காவும் கூப்பிட இங்கே வந்தேன். யோகனையும் வா என்றேன். அவனுடைய மாமா செலவுக்குத் தயாராக இருந்தார்.

"இந்த மனுசனை ஆர் ஏத்தி இறக்கிறது?" என்று கேட்டான். குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்து, ஒருவரும் இல்லை என்று கண்டுதான் கேட்டான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, அளவெட்டி இருக்கிற வலிகாமத்துச் சனம் எல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, யோகன் அந்தச் சனத்துக்கு எதிர்த்திசையில் போனான். தில்லையம்பலத்தாரையும் அவர் மனைவி சரசக்காவையும் ஏற்றி, நாதஸ்வரத்தைத் தகரப்பெட்டிக்கு மேல் கட்டி, மூன்று பேருமாகக் கரவெட்டிக்கு வந்து சேர ஒரு பகலும் ஒரு இரவும் ஆயின. இதை யோகன் எழுதிய கடிதத்தில் படித்தேன். கடிதம் வர மூன்று மாதம் சென்றது. "சைக்கிள் நல்லாய் ஓடினது" என்று கடைசியில் எழுதியிருந்தான். அந்த நேரம் ஸ்காபரோவில் நான் ஒரு வெதுப்பகத்தில் பாண் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

7

துளசி ஸ்போர்ட் வண்டியையே வாங்கினாள். தனியாகத்தான் ஓடப்போகிறாள், தனக்கு அது போதும் என்றாள். அது சரியான காரணம். என்னைக் காப்புறுதியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அதுவும் சரி.

யோகன் இப்போது நெல்லியடியில் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறான். அக்காவின் கலியாண நாளில் வருடாவருடம் அவனுக்குத் தொலைபேசி எடுப்பேன். மழை, மிளகாய் விலை, செத்தவர்கள் என்று கதைப்போம். இந்த ஆவணியிலும் எடுத்தேன். மழையைப் பற்றி அவன் தொடங்க முன்னமே சொன்னேன்.

"யோகன், அண்டைக்குக் கிணத்தடியிலை நான் சொன்னது பொய்."

"தெரியும்தானே" என்றான். "நானும் அங்கைதான் நிண்டனான்."

"அவருக்குச் சொல்லியிருக்கோணும்."

"அவருக்கும் தெரியும். நீங்கள் அளவெட்டியிலை நிண்டு கதைச்சது அவருக்குக் கேட்டதாம். வாயிலைதான் காயம், காதிலை இல்லை எண்டு சிரிப்பார்."

கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தேன்.

"அப்ப நீ ஏன்ரா இவ்வளவு காலமும் அவரை ஏத்தி இறக்கித் திரிஞ்சனி?"

"பிறேக் பிடிச்சது நான்தானே."

தில்லையம்பலத்தார் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. செய்தி வந்தபோது அனுதாபம் தெரிவித்து, செலவுக்கென்று கொஞ்சம் அனுப்பினேன்.

"அவருக்குக் கோவமோ?" என்று கேட்டேன்.

"கோவமெண்டில்லை. நீ ரெலிபோன் எடுத்தால் மட்டும் கேப்பார், நேசன் தம்பி சொன்னவரோ எண்டு. இன்னும் இல்லை எண்டுவன் நான். சரி, அடுத்த முறை சொல்லுவார் எண்டுவார். ஒவ்வொரு வருசமும்."

அவனுடைய கராஜில் யாரோ ரயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

"அவரின்ரை மனுசி சரசக்கா இருக்கிறா" என்றான் யோகன். "காது நல்லாக் கேக்கும். நம்பர் தரட்டோ?"

எழுதிக்கொண்டேன். அடுத்தநாள் அங்கே காலையாகும் நேரம் பார்த்து எடுத்தேன். நான்கு தரம் மணி அடித்தது.

"ஆர்?"

பெயரைச் சொன்னேன். கரவெட்டி என்றேன்.

"ஓ, அந்தக் கலியாணவீட்டுத் தம்பியோ" என்றார். "சொல்லுங்கோ."

சொன்னேன்.